இரவல் கால்

மளிகைச் சீட்டானாலும் சரி, சட்டசபைக்குப் போகிற மசோதாவின் முதல் வரைவானாலும் சரி, தெய்வநாயகி தாளின் உச்சியில் 'முருகன் துணை' என்று எழுதாமல் அடுத்த வரிக்கு இறங்கமாட்டாள். எழுதும்போது ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவாள். கையால் எழுதுகிறவர்களே அருகிப்போன காலம் அது. எல்லாரும் வாயால் சொல்ல, இயந்திரம் எழுதிக்கொண்டது. சட்டத்துறையின் தமிழ் வரைவுப் பிரிவில் அவள் ஒருத்தியிடம்தான் இன்னும் மை ஊற்றுகிற பேனா இருந்தது.

"மேடம், முருகனையும் ஒரு பிரிவாச் சேர்த்துடலாமா? பிரிவு ஒன்று, உட்பிரிவு வேல்" என்பார்கள் இளையவர்கள். அவள் சிரித்துக்கொண்டே மைப்புட்டியை மூடுவாள்.

தொடக்க வாசிப்புச் சட்டம் அவள் பேனாவில் பிறந்ததுதான். அதற்கு முன்பு அரசுப் பள்ளிகளில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படிக்கிற அழகே தனி. பூனைப் படம் இருக்கிற பக்கத்தைக் காட்டினால் பூனையைப் பற்றி நாலு வரி ஒப்பிப்பார்கள். பக்கத்தைத் திருப்பி யானையைக் காட்டினாலும் சில பிள்ளைகள் பூனையை விடமாட்டார்கள். டீச்சர் முதல் எழுத்தை எடுத்துக் கொடுப்பார், வகுப்பே மீதியைப் பாடும். பரீட்சையில் எல்லாரும் தேறிவிடுவார்கள். ஐந்தாம் வகுப்பு வந்த பிறகு பேருந்துப் பலகையைப் படிக்கச் சொன்னால் டிரைவர் முகத்தைப் பார்ப்பார்கள்.

இதற்கு முடிவு கட்டத்தான் சட்டம் வந்தது. படத்தைப் பார்த்து ஊகிக்கக் கூடாது; எழுத்து எழுத்தாக, ஒலி ஒலியாகக் கற்பிக்க வேண்டும்; படிக்கும்போது பிள்ளை தானாகப் படிக்க வேண்டும். சட்டத்தின் உயிர் ஒரே தொடரில் இருந்தது: 'துணையின்றி வாசித்தல்.' அந்தத் தொடரைத் தேர்ந்தெடுத்தவள் தெய்வநாயகி. சுருக்கமாகவும் தமிழாகவும் இருக்கிறது என்று எல்லாரும் பாராட்டினார்கள்.

வகுப்புதோறும் ஒரு செவிலி வந்தது. சின்னத் தாம்பாளம் அளவில், செம்மண் நிறத்தில் ஓர் இயந்திரம். செவி கொடுத்துக் கேட்பதாலும் பிள்ளைகளை வளர்ப்பதாலும் அந்தப் பெயர். பிள்ளையின் குரலைக் கேட்கும், கண் எந்த எழுத்தில் நிற்கிறது என்று பார்க்கும், தப்பைத் திருத்தும். காலையில் பெயர் கூப்பிட்டு வருகையும் பதியும். சட்டம் வந்த சில வருஷங்களில் பிள்ளைகள் மருந்து அட்டையைக்கூடப் படித்தார்கள். ஒருநாள் பேருந்தில் ஒரு குழந்தை தன் தகப்பனுக்குக் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டியதைக் கேட்டு, தெய்வநாயகி அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வடபழனியில் தேங்காய் உடைத்துவிட்டு வந்தாள். வேலை நேரம் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஆகையால் தூத்துக்குடியிலிருந்து அந்த முறையீடு வந்தபோது அவளுக்குக் கொஞ்சம் வருத்தமாகவே இருந்தது. துறைமுகத்தை ஒட்டிய அரசுத் தொடக்கப்பள்ளி. ஒன்றாம் வகுப்பில் பவுலின் என்று ஒரு பெண். அவள் படிக்கும்போதெல்லாம் பக்கத்துப் பிள்ளை துணை செய்வதாகச் செவிலி திரும்பத் திரும்பப் பதிந்திருந்தது. அப்படித் துணை இல்லாமல் படிக்க முடியாத பிள்ளையை மதுரையில் உள்ள தனிக்கவனிப்பு இல்லத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். சட்டம் அப்படித்தான் சொல்கிறது. அனுப்பவேண்டாம் என்று தாய் முறையிட்டிருக்கிறாள். விசாரித்து முடிவு சொல்லும் அதிகாரியாகத் தெய்வநாயகியை நியமித்திருந்தார்கள்.

அப்படியே திருச்செந்தூருக்கும் ஒரு நடை போய் வரலாம் என்று அவள் ஒத்துக்கொண்டாள்.

பள்ளியில் அவளை வரவேற்றவர் ஜெசிந்தா டீச்சர். பருத்த உடம்பு, சிரித்த முகம். வந்ததும் வராததுமாக மக்ரூனும் டீயும் கொண்டுவந்து வைத்தார். முறையீடு விசாரிக்க வந்த இடத்தில் தின்னலாமா என்று தெய்வநாயகி தயங்கியபோது, "சாப்பிடுங்க மேடம், இதுக்கெல்லாம் செவிலி ஒண்ணும் சொல்லாது" என்றார்.

செவிலி வந்த புதிதில் நடந்த கூத்தையும் அவரே சொன்னார். பிள்ளைகள் பலகையின் உச்சியில் பிள்ளையார் சுழி போட்டுவிட்டுத்தான் எழுதத் தொடங்குவார்களாம். செவிலி அதை 'உ' என்று படித்து, 'உ-வுக்கு அடுத்த எழுத்து எங்கே' என்று கேட்டுக்கொண்டே இருக்குமாம். கிறிஸ்தவப் பிள்ளைகள் போடுகிற சிலுவையை 'க' எழுத வந்து பாதியில் விட்டதாக எடுத்துக்கொண்டு, எழுத்தை முடிக்கச் சொல்லுமாம். கடைசியில் எல்லாப் பிள்ளைகளும் சாமியைப் பலகையின் பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

தெய்வநாயகி சிரித்தாள். ஆனாலும் வந்த வேலையை மறக்கவில்லை. பவுலினைப் பற்றிக் கேட்டாள்.

டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். பவுலினுக்குத் திக்குவாய். எழுத்தெல்லாம் தெரியும். ஆனால் சில எழுத்து தொண்டையில் நின்றுகொள்ளும். அவள் பெயரைக் கூப்பிட்டு அவள் 'உள்ளேன்' என்று சொல்லி முடிப்பதற்குள் செவிலி அடுத்த பெயருக்குப் போய்விடும். பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருப்பாள், வருகையில் இருக்கமாட்டாள். படிக்கும்போதும் அதேதான். ஒரு மூச்சு நேரத்துக்குள் ஒலி வரவில்லை என்றால் தெரியவில்லை என்று அது எழுதிக்கொள்ளும்.

"அப்புறம் துணைக்கால் பாடம் வந்தது மேடம். அதுக்கப்புறம்தான் எல்லாம்" என்றார்.

க-வுக்குப் பக்கத்தில் ஒரு கால் போட்டால் கா. அந்தக் காலுக்குப் பெயர் துணைக்கால். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தந்த அன்று ஒரு விஷயம் தெரிந்ததாம். காகம், பாப்பா, மாடு என்று கால் வைத்த சொற்களைப் பவுலின் திக்காமல் படித்தாள். ஒலியை நீட்டத் தொடங்கினால் தொண்டை திறந்துகொள்கிறது. கடல், படம் என்றால் நின்றுவிடுகிறது. டீச்சர் இதைக் கவனித்து யோசித்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் உட்கார்ந்திருந்த இசக்கி என்ற பெண் வழி கண்டுபிடித்துவிட்டாள். பவுலின் 'க'-வில் நின்றபோது தன் ஆள்காட்டி விரலை அந்த எழுத்துக்குப் பக்கத்தில் செங்குத்தாக வைத்தாள். பவுலின் "காடல்" என்று படித்தாள். இசக்கி விரலை எடுத்தாள். "கடல்" என்று பவுலின் தானே திருத்திக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து வகுப்பில் யார் திணறினாலும் பக்கத்துப் பிள்ளையின் விரல் நிமிர்ந்தது. அதற்கு இரவல் கால் என்று அவர்களே பெயரும் வைத்துக்கொண்டார்கள்.

"நீங்க தடுக்கலையா டீச்சர்?"

"தடுத்திருக்கணும்" என்றார் ஜெசிந்தா டீச்சர்.

பவுலினின் தாய் சேசம்மா ஐஸ் கம்பெனியிலிருந்து நேரே வந்திருந்தாள். கை இன்னும் விறைத்திருந்தது; டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மதுரை இல்லம் நல்ல இடம், கைதேர்ந்தவர்கள் கவனிப்பார்கள், செலவெல்லாம் அரசாங்கத்துடையது என்று தெய்வநாயகி எடுத்துச் சொன்னாள். சேசம்மா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டாள்.

"நல்லாத்தான் பாப்பாங்கம்மா, நான் இல்லைங்கல. ஆனா அங்க இருக்கது பூரா திக்குத பிள்ளைகதான? எவ எவளுக்குக் கால் போடுவா?"

தெய்வநாயகி வகுப்பைப் பார்க்கலாம் என்று எழுந்தாள்.

பவுலின் மெலிந்த பிள்ளை. ரிப்பனை இறுக்கிக் கட்டியிருந்தார்கள். முன்னால் செவிலியும் பாடப்புத்தகமும் இருந்தன. இசக்கியைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லியிருந்தார்கள். அவள் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள், விரல் தன்னையறியாமல் எழும்பிவிடும் என்று பயந்தவள் மாதிரி.

பவுலின் படித்தாள். முதல் சொல் வந்தது. இரண்டாவதும் வந்தது. 'படகு' என்ற இடத்தில் நின்றாள். உதடு ஒட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு தெரிந்தது. வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளோடு நின்றது.

"ஒலி வரவில்லை. எழுத்து தெரியவில்லை என்று பதிகிறேன்" என்றது செவிலி. அதன் குரல் மரியாதையாகவும் இனிமையாகவும் இருந்தது.

பவுலின் புத்தகத்தை மூடவில்லை. அந்த எழுத்தின்மேல் வைத்த கண்ணையும் எடுக்கவில்லை. இரண்டு சொட்டுக் கண்ணீர் மட்டும் பக்கத்தில் விழுந்தது.

தெய்வநாயகி இசக்கியை அருகில் கூப்பிட்டாள். பவுலினுக்கு எழுத்தைச் சொல்லித் தந்தாயா என்று கேட்டாள்.

"நான் எதுக்குச் சொல்லணும்? அவளுக்கு எல்லாம் தெரியும். எனக்கே அவதான் சொல்லித் தருவா."

"அப்போ விரலை எதுக்கு வைக்கிறே?"

"கால் போடுதேன்."

"புத்தகத்துல அங்கே கால் இல்லையே?"

"இல்லதான்" என்று ஒத்துக்கொண்டாள் இசக்கி. "அதான் படிச்சதும் எடுத்துருதேம்லா. இரவல்தான?"

தெய்வநாயகி பிள்ளையின் கன்னத்தைத் தட்டிவிட்டு, செவிலிக்கு முன்னால் இருந்த சின்ன மேசையிலேயே உட்கார்ந்தாள். அவள் மனம் இளகாத மனம் அல்ல. ஆனால் இருபது வருஷமாகச் சட்டம் எழுதுகிறவள். ஒரு பிள்ளைக்காக ஒரு சொல்லை வளைத்தால் அடுத்த ஊரில் இன்னொருவர் அதே சொல்லை ஒடிப்பார். பழையபடி டீச்சர் எடுத்துக் கொடுக்க, வகுப்பு பாடும். விரலைக் காட்டுவது துணை இல்லை என்று எந்த வாயால் சொல்வது? அந்தக் காலின் பெயரே துணைக்கால் அல்லவா?

அனுப்பத்தான் வேண்டும். மதுரையில் நல்ல இடமாகப் பார்த்துச் சேர்க்கச் சொல்லி, தானே மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம். இப்படி ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டு பேனாவைத் திறந்தாள். வெள்ளைத் தாளை எடுத்தாள். பழக்கப்படி உச்சியில் முணுமுணுத்துக்கொண்டே எழுதினாள். கீழே இறங்கி, 'இந்த முறையீட்டை விசாரித்ததில்' என்று தொடங்கினாள்.

செவிலி விழித்துக்கொண்டது.

"வாசிப்பவர் புதியவர். தெளிவான வாசிப்பு, பாராட்டுகள்" என்றது. "ஆனால் இவர் துணையின்றி வாசிக்கவில்லை. துணை செய்பவரின் பெயர் தாளிலேயே உள்ளது. முருகன். இந்தப் பெயரில் பள்ளியில் யாரும் இல்லை. முருகன் எந்த வகுப்பு?"

முதலில் இசக்கிதான் சிரித்தாள். பிறகு வகுப்பே சிரித்தது. ஜெசிந்தா டீச்சர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினார். கண்ணீர் காயாத முகத்தோடு பவுலினும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு திக்கவில்லை.

தெய்வநாயகிக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் பேனா தாளில் வைத்த இடத்திலேயே நின்றது. மை ஊறி ஒரு பொட்டாகப் பரவியது.

இத்தனை வருஷமாக அவன் துணை அவன் துணை என்று எழுதுகிறாளே, அவன் அவளுக்கு என்றைக்காவது ஒரு சொல் எடுத்துக் கொடுத்திருக்கிறானா? ஒரு பிரிவைச் சொல்லித் தந்திருக்கிறானா? கிடையாது. எத்தனையோ நாள் ஒரு சொல்லுக்காகத் தலையைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தேடியது அவள்தான், கண்டுபிடித்ததும் அவள்தான். ஆனால் தேடும்போது பக்கத்தில் யாரோ நிற்கிறார்கள் என்று இருந்தது. அவ்வளவுதான்.

அவள் செவிலியின் பக்கம் நாற்காலியைத் திருப்பினாள்.

"சட்டத்துல துணைக்கு என்ன விளக்கம் இருக்கு, சொல்லு."

"வாசிப்பவர் சரியான ஒலியை அடையும்படி பிறர் அவருடைய கண்ணுக்கோ காதுக்கோ தரும் எதுவும் துணை" என்றது செவிலி. அவள் எழுதிய வரி. ஓர் எழுத்து பிசகவில்லை.

"இசக்கியோட விரல் ஏதாவது ஒலி கொடுத்ததா?"

"இல்லை."

"கடல்ங்கிற சொல்லுல அந்த விரல் என்ன காட்டிச்சு?"

"காடல் என்று காட்டியது."

"அது சரியான ஒலியா?"

"தவறான ஒலி."

"அப்போ பிறர் காட்டினது தவறான ஒலி. சரியான ஒலிக்கு அந்தப் பிள்ளை எப்படிப் போச்சு?"

செவிலி வாரக்கணக்கில் பதிந்த பாடங்களையெல்லாம் திருப்பிப் பார்த்தது போலும்.

"விரல் எடுக்கப்பட்ட பிறகு, தானாக" என்றது. "தவறான ஒலியைத் தருவது துணை ஆகுமா என்பதற்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை. அதிகாரியின் முடிவே முடிவு."

வாசலில் நின்றிருந்த சேசம்மாவுக்கு இந்தப் பேச்சு முழுதும் புரிந்திருக்காது. ஆனால் டீச்சரின் முகத்தைப் பார்த்து என்னவோ நல்லது நடக்கிறது என்று தெரிந்துகொண்டாள். விறைத்த கையால் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள்.

தெய்வநாயகி தாளை மாற்றவில்லை. மைப்பொட்டுக்குப் பக்கத்திலிருந்தே எழுதினாள். பவுலின் தானாகவே வாசிக்கிறாள். பக்கத்துப் பிள்ளையின் விரல் அவளுக்குப் பொறுமையைத் தருகிறதே தவிர விடையைத் தரவில்லை. ஆகவே அவள் இதே வகுப்பில் இருப்பாள். எழுதி, கையெழுத்துப் போட்டு, செவிலிக்கு நேரே தாளைப் பிடித்துக் காட்டினாள்.

"பதிந்துகொண்டேன்" என்றது அது. பிறகு விட்ட இடத்தை மறக்காமல் கேட்டது: "முருகன் எந்த வகுப்பு?"

அவள் எழுந்துகொண்டே, "ஒண்ணாம் வகுப்புன்னே போட்டுக்கோ. சின்னப் பையன்தான். ஆனா கொஞ்சம் கவனமா இரு, அப்பாவுக்கே பாடம் சொன்ன பிள்ளை" என்றாள்.

"நன்றி" என்றது செவிலி.

சென்னைக்குத் திரும்பியதும் முதல் வேலையாகச் சட்டத்திருத்தம் ஒன்று எழுதினாள். 'துணையின்றி வாசித்தல்' என்று இருந்த இடங்களில் எல்லாம் 'பிறர் சொல்லித்தராமல் வாசித்தல்' என்று மாற்ற வேண்டும். திக்குகிற பிள்ளைக்குச் செவிலி காத்திருக்க வேண்டும். சொல் நீண்டுவிட்டதே மேடம், பழையதுதானே அழகு என்று உதவியாளர்கள் ஆதங்கப்பட்டார்கள். நீண்டால்தான் சில பேருக்குத் தொண்டை திறக்கிறது என்று அவள் சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை. திருத்தம் சட்டசபையில் விவாதம் இல்லாமல் நிறைவேறியது. அன்றைக்கு எல்லாரும் வேறொரு மசோதாவுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த தைப்பூசத்துக்குத் திருச்செந்தூர் போனவள், திரும்பும் வழியில் இலை விபூதிப் பொட்டலத்தோடு பள்ளிக்குப் போனாள். காலை மணி அடித்துப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். செவிலி பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா டீச்சர் அவளை வராந்தாவிலேயே நிறுத்தி, சிரிப்பை அடக்கமுடியாமல், "நீங்க செஞ்ச வேலையைக் கொஞ்சம் கேளுங்க மேடம்" என்றார்.

முருகன் வருகைப் பதிவில் ஏறிவிட்டானாம். தினமும் கடைசிப் பெயராகக் கூப்பிடுகிறதாம். முதல் வாரம் முழுக்க அவன் வரவில்லை என்று, வீட்டுக்குப் போய் விசாரித்தீர்களா என்று டீச்சரைக் கேட்டுத் துளைத்துவிட்டது. பெயரை எடுக்கச் சொன்னால், பெற்றோர் கையெழுத்தோடு டி.சி. வேண்டும் என்கிறது.

"அப்பா கைலாசத்துல இருக்காருன்னு சொன்னேன். அது எந்த மாவட்டம்னு கேக்குது."

கடைசியில் பிள்ளைகளே ஏற்பாடு செய்துகொண்டார்கள். தினம் ஒருவர் முறை வைத்து முருகனுக்காகப் பதில் சொல்கிறார்கள். நேற்று இசக்கி சொன்னாள். இன்றைக்குப் பவுலின் முறை.

தெய்வநாயகி சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"முருகன்" என்றது செவிலி.

பவுலின் எழுந்து நின்றாள். வாய் திறந்தது. ஒலி வரவில்லை. இசக்கி அவளைப் பார்க்கவில்லை. தன் பலகையில் பூனை வரைந்துகொண்டிருந்தாள். செவிலி அடுத்த பெயருக்குப் போகவில்லை. அதற்கு அடுத்துப் பெயரும் இல்லை. இருந்திருந்தாலும் இப்போது போயிருக்காது.

பவுலினின் ஆள்காட்டி விரல் அவளுடைய பாவாடை மடிப்பின்மேல் மெல்ல நிமிர்ந்தது. அவளுடைய சொந்த விரல்.

"ஊள்ளேன்" என்றாள். விரலை மடக்கினாள். "உள்ளேன் டீச்சர்."

"முருகன் வந்திருக்கிறார்" என்று செவிலி பதிந்துகொண்டது.